தையல்கடை அக்காவின் சந்தேகம்

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் சாயங்காலம், வீட்டுக்குக் கிளம்பும்போது அக்கா என் கையிலிருந்த பையை வாங்கி வெட்டுமேசை மேல் கவிழ்த்தார். டிபன் டப்பா, சீப்பு, கர்ச்சீப், கோயில் குங்குமப் பொட்டலம் எல்லாம் விழுந்தன. பொட்டலத்தைக்கூடப் பிரித்துப் பார்த்தார்.

“இன்னாக்கா தேடறீங்க?” என்று கேட்டேன்.

“தெரிஞ்சா நேரா அதையே எடுத்திருப்பனே,” என்றார்.

கள்ளக்குறிச்சியில் கச்சிராயபாளையம் ரோட்டில் இருந்த பெண்கள் தையல்கடை அது. போர்டில் ‘லேடீஸ் டெய்லர்’ என்று மட்டும் எழுதியிருக்கும், பெயர் இருக்காது. ஊரில் அவரை மெட்ராஸ்காரி என்றார்கள். எங்களுக்கு ஒரு பெயர் சொல்லியிருந்தார்தான். ஆனால் கடையை வாடகைக்கு எடுத்தபோது கட்டடக்காரரிடம் வேறு பெயர் சொல்லியிருந்தார் என்று பிறகு தெரியவந்தது. எது நிஜம் என்று தெரியாததால் இரண்டையும் நான் இங்கே எழுதவில்லை.

பெண்பிள்ளைகள் தாவணியை விட்டுச் சுடிதாருக்கு மாறலாமா கூடாதா என்று வீட்டுக்கு வீடு சண்டை நடந்துகொண்டிருந்த காலம். நான் பத்தாவது முடித்துவிட்டுச் சும்மா இருந்தேன். அப்பா இல்லை. அம்மா கரும்பு வெட்டப் போவார். அண்ணன் ஏழுமலை கல்வராயன் மலைக்கு லாரியில் போய்ப் புளி ஏற்றி வருவான். எனக்கு ஹெம்மிங்கும் பட்டன் ஓட்டைக்குக் காஜா எடுக்கவும் தெரியும் என்று சொல்லி அம்மாதான் கொண்டுபோய் விட்டார். அக்கா என் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதுக்கு முன்னால எந்தக் கடைல இருந்த?” என்றார். எங்கும் இல்லை என்றேன். “அப்புறம் எப்படி ஊசிக் குத்து இருக்குது?” என்றார். வீட்டில் தைத்தது என்று நம்பவைக்க அம்மா சத்தியம் பண்ண வேண்டியதாயிற்று. சத்தியம் பண்ணியதால் சந்தேகம் இன்னும் ஜாஸ்தியானது.

ஒல்லியாக இருப்பார். நாற்பது வயது இருக்கலாம். சுவரில் முதுகு படும்படி மிஷினைப் போட்டு, ரோட்டைப் பார்த்து உட்காருவார். கால் மிதித்துக்கொண்டே இருக்கும், கண் மட்டும் வாசலில் இருக்கும். யாராவது பட்டுத்துணி என்று கொண்டுவந்தால் முதலில் ஒரு இழையை உருவித் தீக்குச்சியால் கொளுத்திப் பார்ப்பார். ஒருமுறை, கல்யாண நாளுக்குப் புருஷன் வாங்கித் தந்தது என்று ஆசையாகக் கொண்டுவந்த ஒரு பெண்ணின் துணி இழை பிளாஸ்டிக் மாதிரி உருகிச் சொட்டியது. அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. அக்கா தேற்றவில்லை. “ஏமாந்தாரா, ஏமாத்தினாரான்னு வூட்ல போய்க் கேளு. ரெண்டும் ஒண்ணு இல்ல,” என்று சொல்லிவிட்டு அளவெடுக்க ஆரம்பித்தார்.

ஆனாலும் அவரிடம்தான் கூட்டம். புதுப்புது மாதிரிகளை அவர்தான் ஊருக்குக் கொண்டுவந்தார். சில மாதங்களுக்கு ஒருமுறை பஸ் ஏறி மெட்ராஸ் போவார். மவுண்ட் ரோட்டில் சினிமா தியேட்டர் வாசலில் நின்று, படம் விட்டு வரும் பெண்களைப் பார்த்துவிட்டு அன்றே திரும்புவார். மறுநாள் பழைய செய்தித்தாளில் கைக்கும் கழுத்துக்கும் அச்சு வெட்டுவார். வேலை முடிந்ததும் அந்தக் காகிதங்களை வாளித் தண்ணீரில் ஊறவைத்துக் கூழாக்கி, சாக்கடையில் கொட்டிவிட்டுத்தான் கடையைச் சாத்துவார்.

“தியேட்டர் வாசல்ல பாத்துட்டு வரீங்களே, அது திருட்டில்லியாக்கா?” என்று ஒருநாள் துணிந்து கேட்டேன்.

“கண்ணால பாக்கறது திருட்டில்ல. அடுத்தவங்க வெட்டின பேப்பர எடுத்துக்கினு போறதுதான் திருட்டு,” என்றார். அந்த வித்தியாசம் எனக்கு அப்போது விளங்கவில்லை.

மணலூர்பேட்டையில் நிலபுலம் உள்ள ஒரு குடும்பத்தில் கல்யாணம் வந்தது. பொண்ணுக்கு ஜாக்கெட் தைக்க அம்மாவும் மகளுமாக வந்தார்கள். அக்கா அந்தப் பெண்ணுக்காகப் புது மாதிரி ஜாக்கெட் கை ஒன்று வெட்டினார். தோளிலிருந்து இதழ் மேல் இதழாக இறங்கி முழங்கைக்குச் சற்று மேலே கூம்பும். பார்த்தால் பூ மொட்டைக் கவிழ்த்தது போல இருக்கும். நான் அப்படி ஒன்றைப் பார்த்ததே இல்லை. கல்யாணத்துக்கு இன்னும் நாள் இருக்கும்போதே எதிர்த்த தையல்கடையில் அதே கை வைத்த ஜாக்கெட் ஹேங்கரில் தொங்கியது.

அக்கா எழுந்து ஷட்டரைப் பாதி இறக்கினார். என்னை ஸ்டூலில் உட்கார வைத்தார்.

“எவ்ளோ குடுத்தான்?”

“யாருக்கா?”

“எதுத்தாப்பல இருக்கிறவன்.”

நான் அழுதேன். என் பையைத்தான் தினமும் கொட்டிப் பார்க்கிறாரே, எதை எடுத்துப் போக முடியும் என்று கேட்டேன். “பையில போனா கண்டுபுடிச்சிடலாம். தலைக்குள்ள வெச்சுக்கினு போனா?” என்றார். நாளையிலிருந்து வர மாட்டேன் என்று எழுந்தேன். “போனின்னா நீதான் எடுத்தன்னு அர்த்தம்,” என்றார். போகவும் வழியில்லை, இருக்கவும் வழியில்லை. மறுநாளும் போய் உட்கார்ந்து காஜா எடுத்தேன்.

அந்த வாரம் என்னிடம், அடுத்த ஜாக்கெட்டுக்கு முதுகில் முடிச்சுக் கயிறு வைக்கப் போவதாகச் சொன்னார். மணலூர்பேட்டை அம்மாவிடம், முதுகில் வரிசையாகப் பட்டன் வைக்கப் போவதாகச் சொன்னார். சில நாளில் எதிர்த்த கடையில் பட்டன் வைத்த ஜாக்கெட் தொங்கியது. கல்யாணப் பெண்ணின் அம்மாவேதான், சொந்தக்காரப் பெண்களுக்கு அதே மாதிரியைக் கம்மி கூலியில் தைத்துக்கொள்ள எதிர்க்கடைக்காரரிடம் சொல்லியிருக்கிறார்.

“நீ இல்லேன்னு தெரிஞ்சிடுச்சு,” என்றார் அக்கா, நூலைக் கடித்துக்கொண்டே.

“அன்னிக்கே சொன்னனேக்கா.”

“சொன்ன. ஆனா நீயா இருந்திருக்கலாம்.”

மன்னிப்புக் கேட்பது போல அவர் சொன்னது அவ்வளவுதான். ஆனால் அன்று மத்தியானம் கரண்ட் போய்ப் புழுங்கியபோது, விசிறிக்கொண்டே தானாகப் பேச ஆரம்பித்தார். கோடம்பாக்கத்தில் சினிமாக்காரர்களுக்கு உடை தைக்கும் ஒரு கம்பெனியில் பல வருஷம் இருந்தாராம்.

“மாஸ்டருங்க எல்லாம் ஆம்பளைங்க. பொம்பளைங்களுக்கு ஊக்கு, காஜா, ஜரிகை தைக்கிறது, அவ்ளோதான். கத்திரியத் தொட வுட மாட்டானுங்க. நான் சோத்து நேரத்துல பேப்பர்ல வெட்டிப் பழகினன். ஒரு கை வெட்டினன். கூட வேல செஞ்சவ, என் டப்பால கைய வுட்டுச் சாப்பிடறவ, அந்தப் பேப்பர எடுத்துக்கினு போயி மாஸ்டர்கிட்ட குடுத்துட்டா. படத்துல வந்துது. அந்த நடிகையம்மா பேர வெச்சாங்க அந்தக் கைக்கு. நான் இந்த ஊர்ல பஸ்ஸவுட்டு எறங்கின அன்னிக்கு, எதுத்தாப்பல ஒரு பொண்ணு அதே கை வெச்சுக்கினு நிக்குது.”

எந்தக் கை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஒன்பதாவது படிக்கும்போது தீபாவளிக்கு அடம்பிடித்து நானும் அதே கை வைத்துத் தைத்துக்கொண்டேன். அதைச் சொல்லவில்லை. அவரை அணைத்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

அந்த இரக்கம் ஒரு வாரம் தாங்கியது. எங்களிடம் தைக்கும் போலீஸ் எஸ்.ஐ. வீட்டம்மா, “பாவம், புருஷன் வேற ஒருத்தியக் கட்டிக்கிட்டதாலதான மெட்ராஸ விட்டு வந்தாங்க,” என்று என்னிடம் சொன்னார். கட்டடக்காரரிடமோ, சினிமாக் கம்பெனியை மூடிவிட்டார்கள் என்று சொல்லியிருந்தார் அக்கா. ஆளுக்கு ஒரு கதை. ஊரில் எந்தக் கதை திரும்பி வருகிறதோ அதை வைத்து யார் வாயைத் திறந்தார்கள் என்று அவர் கண்டுபிடித்துவிடுவார். அப்படியானால் எனக்குச் சொன்னதும் அடையாளம் வைத்த கதைதானா? அன்றிலிருந்து நானும் அவரைச் சந்தேகத்தோடு பார்க்கப் பழகிக்கொண்டேன்.

அந்த வருஷம்தான் படிப்பிலும் வேலையிலும் தனி ஒதுக்கீடு கேட்டு எங்கள் ஜாதி ஜனங்கள் ரோட்டில் இறங்கினார்கள். சேலத்துக்குப் போகும் ரோட்டில் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டார்கள். சின்னசேலம் வரைக்கும் லாரிகள் வரிசையாக நின்றன. பஸ் இல்லை, பால் இல்லை. பிறகு போலீஸ் வேன்கள் வந்தன. வயசுப் பையன்களைக் கண்ட இடத்தில் ஏற்றினார்கள். ஆண்கள் கரும்புக் கொல்லைக்குள் போய்ப் படுத்தார்கள். தெருவில் பெண்களும் கிழவர்களும்தான் நடமாடினோம். யார் எந்தப் பக்கம் என்று எல்லோரும் எல்லோரையும் பார்த்தார்கள். அக்கா எந்த ஜாதி என்று ஊருக்குத் தெரியாது. முன்பெல்லாம் அது வெறும் வம்பாக இருந்தது, இப்போது பெரிய கேள்வியாகிவிட்டது. துணி வாங்க வந்த ஒரு அம்மாள் நேராகவே கேட்டுவிட்டார்.

“நீங்க எந்த ஆளுங்கம்மா?”

“எதுக்கு? ஜாக்கெட் பொருந்தலியா?” என்றார் அக்கா.

முதல் நாள் மரம் வெட்டியவர்களில் அண்ணனும் ஒருவன். போலீஸ் கையில் அவன் பெயர் இருக்கிறது என்று தெரிந்ததும் மலைக்குப் போய்விட்டான். புளி ஏற்றப் போய்ப் பழகிய ஒரு வீடு கரியாலூரில் இருந்தது. அந்த வீட்டுப் பொன்னம்மா சந்தை நாளில் சாமையும் புளியும் விற்க இறங்கி வருவார். அக்காவிடம்தான் ஜாக்கெட் தைப்பார். கடைக்குள் யாரும் பார்க்காத நேரத்தில், “தம்பி நல்லா கீதும்மா. குளிரு தாங்கல, அதான்,” என்று என் காதில் போட்டுவிட்டுப் போனார்.

அடுத்த சந்தைக்கு அண்ணனின் தடித்த சட்டை ஒன்றைப் பையின் அடியில் வைத்து எடுத்துப்போனேன். அக்கா சாயங்காலம்தானே பையைப் பார்ப்பார், அதற்குள் பொன்னம்மாவிடம் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். அன்றைக்குக் காலையிலேயே பையைக் கேட்டார். சட்டையை எடுத்து விரித்துப் பிடித்தார். தோளை அளந்தார், காலரை முகர்ந்தார்.

“யாருது?”

“அண்ணனுதுக்கா. கிழிஞ்சிது, தெக்கலாம்னு.”

“எங்க கிழிஞ்சிது?”

நான் முழித்துக்கொண்டு நின்றேன். அவர் சட்டையை மடித்துத் திரும்ப வைத்தார். “அந்த மலக்காரி ஜாக்கெட் நல்லாதான பொருந்துது. வாரா வாரம் எதுக்குப் புடிக்கச் சொல்லிக் கொண்டாரா?” என்றார். கேள்வி போலத்தான் இருந்தது, ஆனால் பதிலுக்குக் காத்திருக்காமல் மிஷினுக்குப் போய்விட்டார்.

தெரிந்துவிட்டது. இனி என்ன செய்வார்?

மறுநாள் எஸ்.ஐ. வீட்டம்மா அளவு கொடுக்க வந்தார். இருவரும் திரைக்குப் பின்னால் போனார்கள். நான் ஊசியில் நூல் கோப்பது போலக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். கசகசவென்று பேச்சு. நடுவில் அக்காவின் குரல் தெளிவாகக் கேட்டது.

“இந்தப் பொண்ணோட அண்ணன்தாங்க. வேற யாருகிட்டயும் சொல்லாதீங்க.”

ஊசி என் விரலில் ஏறிவிட்டது. ரத்தம் அடுத்தவர் துணியில் பட்டதைக்கூட நான் கவனிக்கவில்லை. அன்றைக்கு வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொல்லி இருவரும் அழுதோம். மலைக்குத் தகவல் சொல்ல அடுத்த சந்தை வரைக்கும் ஆள் இல்லை. பஸ் ஓடவில்லை. அம்மாவுக்கு மலை ஏற முடியாது. நான் போனால் பின்னாலேயே போலீஸ் வரும்.

அடுத்த நாள் ஜீப் போனது. ஆனால் மலைக்கு இல்லை. மணலூர்பேட்டைப் பக்கம் பெண்ணை ஆற்றோரக் கரும்புக் கொல்லைகளை வளைத்துத் தேடியிருக்கிறார்கள். அங்கே யாரும் இல்லை. பம்பு செட்டுக்குக் காவல் இருந்த ஒரு பெரியவரை, சொல்லு சொல்லு என்று அடித்துவிட்டு வந்தார்களாம்.

கடைக்குப் போனதும் கேட்டுவிட்டேன். “எங்கண்ணனப் பத்தி எஸ்.ஐ. வூட்டம்மாகிட்ட இன்னா சொன்னீங்க?”

“மணலூர்பேட்டை ஆத்தோரம் இருக்கிறதா பேச்சுன்னு சொன்னன்.” கத்திரியை நிறுத்தவில்லை. “அங்க இல்ல இல்ல?”

“இல்ல.”

“அப்ப எங்க?” நான் வாயைத் திறப்பதற்குள் கத்திரியால் மேசையைத் தட்டினார். “சொல்லாத. நானே கேட்டாலும் சொல்லாத. அந்தம்மாகிட்ட சொன்னா ஜீப்புக்குப் போவுதா இல்லியான்னு பாத்தன். போவுது.”

“ஒரு பெரியவர அடிச்சிட்டாங்களாம்க்கா. பம்பு செட்டுல இருந்தவரு.”

அக்காவுக்கு அது தெரிந்திருக்கவில்லை. கத்திரி நின்றது. “ஆத்தோரம் இந்நேரத்துக்கு யாரும் இருக்க மாட்டாங்கன்னு நெனச்சன்,” என்றார் பிறகு. அன்று முழுக்க அவர் வேறு துணி எதையும் வெட்டவில்லை. அண்ணனை அவர் காட்டிக்கொடுக்கவில்லை என்பதில் எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. அந்தக் கிழவரைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சந்தை நாளன்று எஸ்.ஐ.யே கடைக்கு வந்துவிட்டார். கூட இரண்டு போலீஸ்காரர்கள். பொன்னம்மா அப்போது உள்ளே, திரைக்குப் பின்னால், ஜாக்கெட் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய சாக்குப்பைக்குள் அண்ணனுக்கு அம்மா கொடுத்தனுப்பிய அவலும் வெல்லமும் இருந்தன.

“ஏம்மா, ஆத்தோரம் இருக்கான்னு நீதான சொன்ன? ஒருத்தனும் இல்ல. மலையில இருக்கான், இந்தப் பொண்ணு இங்கேருந்து சாமான் அனுப்புதுன்னு வேற ஒருத்தன் சொல்றான்,” என்றார் எஸ்.ஐ.

அக்கா எழுந்திருக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

“சார், உங்க வூட்டம்மா என்னப் பத்தி இன்னா சொல்லியிருக்காங்க?”

எஸ்.ஐ.க்குச் சிரிப்பு வந்தது. “உன் நிழலையே நம்ப மாட்டேன்னு சொன்னா.”

“இந்தப் பொண்ணு பையத் தெனம் கொட்டிப் பாக்கறன். குங்குமத்தக்கூடப் பிரிச்சுப் பாக்கறன். ஊரக் கேளுங்க. ஒரு ஆம்பளத் துணி, ஒரு சோத்துப் பொட்டலம் இந்தக் கடையவுட்டுப் போயிருந்தா மொதல்ல நான்தான் ஸ்டேஷனுக்கு வந்திருப்பன். இவளுக்கு நான் என்ன ஒறவா? ஒரு மாசம் முன்னால திருட்டுப் பட்டம் கட்டி இவளத் தொரத்தப் பாத்தவ நான். எதுத்தக் கடக்காரரக் கூப்ட்டுக் கேளுங்க.”

எதிர்த்த கடைக்காரர் வாசலில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். “நெசந்தான் சார். அந்தப் பொண்ண அழ வுட்டாங்க,” என்றார்.

எஸ்.ஐ. என்னைப் பார்த்தார். நான் அழுதுகொண்டுதான் இருந்தேன். திரைப் பக்கம் அவர் பார்வை போனது. “உள்ள பொம்பள துணி மாத்திக்கினு இருக்கு சார்,” என்றார் அக்கா. அவர்கள் போய்விட்டார்கள்.

ஜீப் சத்தம் ஓய்ந்ததும் அக்கா திரையை விலக்கினார். பொன்னம்மா ஜாக்கெட் ஊக்கைக்கூடப் போடாமல் சுவரோடு ஒட்டி நின்றிருந்தார்.

“நேர வூட்டுக்குப் போவாத. சந்தைல உக்காந்து இருக்கறத வித்துட்டு, எப்பவும் போற நேரத்துக்குப் போ. போனதும் அந்தப் பையன வேற எடத்துக்கு மாத்திடு. எந்த எடம்னு இவகிட்டயும் சொல்லாத,” என்றார்.

பொன்னம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். “உனக்கு எத்தன நல்ல மனசும்மா.”

அக்கா கையை உருவிக்கொண்டார். “மனசெல்லாம் ஒண்ணுமில்ல. நான் போலீஸ நம்பறதில்ல,” என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, மலையில் இருக்கிறான் என்று சொன்னவன் யாராக இருக்கும், என் தெருவில் யாருக்கெல்லாம் தெரியும் என்று சாயங்காலம் வரைக்கும் விசாரித்தார். என் அம்மாவையும் சந்தேகப்பட்டார்.

கதை அதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆற்றோரம் தேடச் சொன்னது தையல்கடை மெட்ராஸ்காரிதான் என்று எஸ்.ஐ. வீட்டம்மா வாயிலிருந்து ஊருக்குள் கசிந்துவிட்டது. அடிபட்ட பெரியவருக்குச் சொந்தக்காரர்கள் கள்ளக்குறிச்சியில் இருந்தார்கள். ஒருநாள் காலை நாங்கள் கடையைத் திறந்துகொண்டிருக்கும்போது கல் வந்து விழுந்தது. முன்பக்கக் கண்ணாடி நொறுங்கியது. “ஆள்காட்டி!” என்று கத்திவிட்டு சைக்கிளில் போனார்கள். நான் பின்னாலேயே ஓடி உண்மையைக் கத்த வாயைத் திறந்தேன். அக்கா என் ஜடையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்.

“நீ இப்ப வாயத் தொறந்தா, நான் சொன்னது பொய்யின்னு எஸ்.ஐ.க்குத் தெரியும். உங்கண்ணனும் மாட்டுவான், நானும் மாட்டுவன். கண்ணாடியக் கூட்டு.”

“உங்களப் போயி ஆள்காட்டின்னு...”

“ஆள் காட்டினது நெசந்தான? அந்தப் பெரியவர் அடி வாங்கினது நான் சொன்னதாலதான?” என்றார்.

ஒரு நாள் மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு மணலூர்பேட்டைக்கு நடந்தும் மாட்டுவண்டியிலுமாகப் போய், மூன்றாம் நாள் திரும்பினார். அந்தப் பெரியவரைப் பார்த்தாரா, என்ன சொன்னார், அவர்கள் என்ன சொன்னார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. கேட்டபோது, துணி எடுக்கப் போனதாகச் சொன்னார். துணி எதுவும் கொண்டுவரவில்லை.

கொஞ்ச காலத்தில் பேச்சுவார்த்தை நடந்து, பிடித்துப்போனவர்களை விட்டு, ஊர் அடங்கியது. அண்ணன் தாடியோடு இறங்கி வந்தான். நடந்ததை நான் சொன்னதும் அப்படியே எழுந்து தன் கூட்டாளிகளிடம் போனான். கல்லெறிந்தவர்களையும் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தான். புதுக் கண்ணாடி ஒன்றையும் தூக்கி வந்திருந்தார்கள். அவர்கள் அதை மாட்டி முடிக்கும்வரை அக்கா ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, விளிம்பில் சந்து விட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

“அக்கா, உங்களுக்கு நான் என்ன செய்யணும், சொல்லுங்க,” என்றான் அண்ணன்.

“ஊர்ல யாருகிட்டயும் சொல்லாம இருந்திருக்கணும். அத வுட்டுட்ட,” என்றார்.

அவர் சொன்னதுதான் சரி. ஊர் முழுக்க அவரைக் கொண்டாடத் தொடங்கியது. டீக்கடைக்காரர் காசு வாங்காமல் டீ அனுப்பினார். கட்டடக்காரர் சிரித்துப் பேசினார். எந்த ஆளுங்க என்று கேட்ட அதே அம்மாள், கோயில் கூழ் ஒரு சொம்பு கொண்டுவந்து கொடுத்தார். அக்கா அந்தக் கூழை முகர்ந்து பார்த்துவிட்டு என்னை முதலில் குடிக்கச் சொன்னார். “முன்னாடி மூஞ்சத் தூக்கி வெச்சுக்கினு இருந்தாங்க, புரிஞ்சுது. இப்ப எதுக்குச் சிரிக்கிறாங்கன்னு புரியல,” என்று புலம்பினார். ஊரைச் சிரிக்கவைத்த அதே சேதி எஸ்.ஐ. வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தது. எஸ்.ஐ. வீட்டம்மா வந்தார். தைக்கக் கொடுத்திருந்த துணிகளை, பாதி வெட்டியதையும் சேர்த்து, அள்ளிக்கொண்டு போனார்.

“அவ்ளோதான். இனிமே இங்க இருக்கக் கூடாது,” என்றார் அக்கா.

திருப்பூரில் வெளிநாட்டுக்குத் துணி தைத்து அனுப்பும் கம்பெனி ஒன்றில் அச்சு வெட்டத் தெரிந்த பெண்களை எடுக்கிறார்கள் என்று ஏற்கெனவே கேள்விப்பட்டு வைத்திருந்தார். அங்கே பெண்ணைக் கத்திரி தொட விடுகிறார்களா என்று தீர விசாரித்தும் இருந்தார். மிஷினை லாரியில் போட அண்ணன் வந்தபோதுதான் எனக்கே விஷயம் தெரிந்தது. நான் கடை வாசலில் நின்று அழுதேன்.

“எதுக்கு அழுவற? கட்டிங் ரூமுக்கு இன்னொரு ஆள் வேணும்னு சொல்லியிருக்காங்க. நீயும் கெளம்பு,” என்றார்.

“நானாக்கா?”

“தெரியாத ஒருத்திய வெச்சா அவ எப்ப திருடுவான்னு பாத்துக்கினே உக்காந்திருக்கணும். நீயும் திருடுவ. ஆனா உனக்குத் திருடத் தெரியாது. சட்ட எங்க கிழிஞ்சிதுன்னு கேட்டா முழிச்சுக்கினு நிக்கிற ஆளு நீ.”

“அம்மாகிட்ட கேக்கணும்.”

“கேட்டுட்டன். மாத்தி மாத்திக் கேட்டன். ஒரே பதிலத்தான் சொல்றாங்க. அதனால நெசமாத்தான் இருக்கும்.”

சின்னசேலம் ஸ்டேஷனில் சேலம் வண்டி ஏறினோம். அம்மாவும் அண்ணனும் வந்து ஜன்னலோரம் நின்றார்கள். அக்கா எதிரில் உட்கார்ந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்து, எங்கே போகிறார்கள், யாரைப் பார்க்கப் போகிறார்கள் என்று கேட்டு முடித்தார். என் பெட்டியைத் தன் காலுக்கடியில் இழுத்து வைத்துக்கொண்டார். தன் மணிபர்ஸை மடியில் வைத்து இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். வெளியே கரும்பும் மரவள்ளியுமாக ஓடியது. தூரத்தில் எங்கள் மலை கொஞ்ச தூரம் கூடவே வந்தது.

ஆத்தூர் நெருங்கும்போது அக்காவின் தலை சாய்ந்து என் தோளில் விழுந்தது. நான் அசையவில்லை. அவர் வாய் லேசாகத் திறந்திருந்தது. மடியில் இருந்த கைகள் நழுவி இரண்டு பக்கமும் கிடந்தன.

டிக்கெட் பார்ப்பவர் வந்து கை நீட்டினார். அக்காவை எழுப்ப மனம் வரவில்லை. நான் அவர் மடியிலிருந்த மணிபர்ஸைத் திறந்து, டிக்கெட்டுகளை எடுத்துக் காட்டி, திரும்ப வைத்து மூடினேன். கொக்கி டக்கென்று சத்தம் போட்டது. அக்கா விழிக்கவில்லை. விழித்துத்தான் இருந்தாரோ என்னவோ, கண்ணைத் திறக்கவில்லை.